அலுமினிய ஆனோடு எக்ஸ் கதிர்க் குழாயில் 1.49 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடு தெரியவில்லை: உதவி தேவை

கேள்வி (டர்பன்)

வணக்கம். மெல்லிய படலங்களை ஆராய்வதற்காகக் கையடக்கமான மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர்க் குழாய் ஒன்றை எங்கள் ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்து வருகிறேன். எலக்ட்ரான்களை உமிழும் டங்ஸ்டன் இழை, அவை மோதும் அலுமினிய ஆனோடு (நேர்மின்முனை), 125 மைக்ரான் பெரிலியம் சாளரம் ஆகியவற்றுடன் 10 கிலோவோல்ட்டில் 0.2 மில்லியாம்பியர் சீராக ஓடுகிறது. சாளரத்திலிருந்து 5 செ.மீ. தள்ளித் திறந்த காற்றில் சிலிக்கான் உணர்வியை வைத்திருக்கிறேன். 3 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் தொடர்நிறமாலை நன்றாகத் தெரிகிறது, 2.96-இல் சிறு முகடும் உண்டு, அலுமினியத்துக்குரிய 1.49 கோடு மட்டும் அடியோடு இல்லை. மின்னழுத்தத்தை 15 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தலாமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, உயர்த்த வேண்டாம். அலுமினியத்தின் உள்வட்ட எலக்ட்ரானைப் பெயர்க்க 1.56 கிலோவோல்ட் போதும். நீங்கள் ஏற்கனவே அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் கொடுக்கிறீர்கள். கோடு ஆனோடில் பிறக்கிறது, வழியில்தான் மடிகிறது. 125 மைக்ரான் பெரிலியம் அந்த ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைத்தான் வெளியே விடும். தப்பியதையும் 5 செ.மீ. காற்று ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோய் விடும். உங்கள் 2.96 முகடே இதற்குச் சாட்சி சொல்கிறது: அது காற்றிலுள்ள ஆர்கான் ஒளிர்வதால் வருவது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வன்கதிர்தான் பெருகும், உணர்வி வீணாகத் திணறும்.

முதலில் சாளரத்துக்கும் உணர்விக்கும் இடையே ஒரு குழாய் வைத்து, காற்றுக்குப் பதிலாக, இக்கதிரை அதிகம் உறிஞ்சாத ஹீலியத்தை ஓட விடுங்கள். அதற்குச் செலவு சொற்பம். அடுத்த வடிவமைப்பில் சாளரத்தை 8 மைக்ரானுக்குக் குறைத்தால் முக்கால் பங்கு கதிர் வெளியே வரும், ஆனால் அவ்வளவு மெல்லிய தகடு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் துளையின் விட்டத்தைச் சிறிதாக்கியே ஆக வேண்டும்.

பதில் (ஜோகன்னஸ்பர்க்)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இழை ஆனோடை நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தால், ஆவியாகும் டங்ஸ்டன் அலுமினியத்தின்மேல் படிந்துவிடும், பிறகு 1.78 அருகே ஒரு முகடு எழும். அதை உணர்வியின் சிலிக்கான் என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள், சிலிக்கானின் இடம் 1.74. இழையைப் பக்கவாட்டில் ஒளித்து வைத்து, மின்புலத்தால் எலக்ட்ரான்களை வளைத்துக் கொண்டுவருவதே நல்லது. டர்பன் கடற்காற்றில் ஈரம் மிகுதி என்பதால், கலனைத் திறக்கும்போது உலர்ந்த நைட்ரஜனை நிரப்பித் திறந்தால் பீங்கான் காப்பான்கள் நீரை ஏற்காது.

பெரிலியத்தைத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது, அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். மென்கதிரைத் தோலே உறிஞ்சிக்கொள்வதால், இயங்கும் சாளரத்தருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இத்தகைய கருவிகளுக்கு 1973-ஆம் ஆண்டின் அபாயப் பொருள்கள் சட்டம் பொருந்தும், உரிமத்தை சாப்ராவிடம் (SAHPRA, அந்நாட்டு மருத்துவப் பொருள்கள் ஒழுங்குமுறை ஆணையம்) பெற வேண்டும். பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் (டர்பன்)

மிக்க நன்றி ஐயா. ஹீலியம் ஓடத் தொடங்கியதும் 2.96 முகடு மறைந்து, 1.49 கோடு சிறிதாயினும் தெளிவாக எழுந்தது. 1.78-இல் எதுவும் இல்லை. 8 மைக்ரான் சாளரத்துக்கு 4 மி.மீ. துளை போதுமா?