லாங்ஸ்வோர்டு கைப்பிடிக்குள் ‘டக் டக்’ சத்தம்: நட்டை முறுக்கினாலும் நிற்கவில்லை, உதவுங்கள்

வெட்டுப்பழகி:
வணக்கம். லீட்ஸில் இருக்கேன். இங்க இருக்கிற ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தைச் சுத்திச் சுத்தி வந்து, பித்து முத்திப்போய் போன வருஷம் ஒரு லாங்ஸ்வோர்டு (ரெண்டு கையால பிடிக்கிற நீள வாள்) வாங்கினேன். 15ஆம் நூற்றாண்டு வாளோட நகல். “கையால் அடித்த டமாஸ்கஸ், 200 அடுக்கு, சண்டைக்கே தாங்கும்”னு விளம்பரம். டமாஸ்கஸ்னா அலகு மேல அலை அலையா கோலம் தெரியுற அடுக்கு உருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை ஊறவைச்ச பாய்ச்சுருளை வெட்டிப் பழகுறேன், அவ்வளவுதான்.

குளிர் தொடங்கி வீட்ல ஹீட்டர் போட்டதிலிருந்து, வீசும்போது கைப்பிடிக்குள்ள டக் டக்னு சத்தம். கைப்பிடியோட கடைசியில இருக்கிற குமிழ் மேல ஒரு உருண்டை நட்டு இருக்கு. அரைச் சுத்து முறுக்கினேன். ஒரே வாரத்துல திரும்ப வந்துடுச்சு. என்ன செய்யலாம்?

மதுரை மெக்கானிக்:
ஹீட்டர் காத்துல பிடியோட மரம் சுருங்கியிருக்கும். நட்டைக் கழற்றி உள்ளே அரால்டைட் ஊத்தி ஒரு நாள் காயவிடுங்க. ஆயுசுக்கும் அசையாது.

கொல்லன்மகன்:
தம்பி, அரால்டைட் வேண்டாம். மரம் சுருங்கியிருக்கலாம், அது சரி. ஆனா உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம பசையை ஊத்திட்டா அப்புறம் யாருமே பார்க்க முடியாது.

முதல்ல சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. குறுக்கே இருக்கிற கார்டையும் அலகையும் சேர்த்துத் துணியால இறுக்கிக் கட்டிட்டு, குமிழை உள்ளங்கையால தட்டுங்க. சத்தம் நின்னா கார்டுதான் ஆடுது. கார்டுக்கும் அலகுக்கும் நடுவுல ஒரு சின்ன ஆப்பு வைச்சா முடிஞ்சது. நிக்கலைன்னா கோளாறு பிடிக்குள்ள. அது சின்ன விஷயம் இல்ல.

வெட்டுப்பழகி:
கட்டிப் பார்த்துட்டேன் அண்ணே. சத்தம் நிக்கலை.

ஃபெடர்க்காரி:
நான் ஜெர்மனியில எட்டு வருசமா லாங்ஸ்வோர்ட் பழகிறன். தம்பி, உங்கட வாள் எவ்வளவு பாரம்? நிறுத்துப் பாத்தனீங்களோ? ஒரு வேர்னியர் எடுத்து, கார்டுக்குப் பக்கத்திலயும் நுனிக்கு ஒரு சாண் முன்னாலயும் அலகின்ர தடிப்பை அளந்து சொல்லுங்கோ.

வெட்டுப்பழகி:
நீளம் 120 செ.மீ. எடை 1.95 கிலோ. தடிப்பு கார்டு பக்கம் 5.5 மி.மீ., நுனிப் பக்கம் 5 மி.மீ.

ஃபெடர்க்காரி:
நினைச்சன். அந்தக் காலத்து வாள்கள் இந்த நீளத்தில பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோக்குள்ளதான் வரும். படத்தில பாக்கிற மாதிரி பாறாங்கல் பாரம் இல்லை. கார்டடியில ஆறு மி.மீ. அளவில தொடங்கி, நுனிக்குப் போகப் போக ரெண்டு மூண்டாகக் குறைஞ்சுகொண்டே போகும். வாள் கையில துள்ளுறது அதாலதான். உங்கட அலகு ஒரே தடிப்புப் பட்டையை வெட்டிக் கூராக்கினது. அது மட்டும் குற்றம் இல்லை, பட்டையைத் தேய்ச்சே அருமையா வாள் செய்யிற ஆக்களும் இருக்கினம். ஆனா ‘கையால அடிச்சது’ எண்டு விளம்பரம் போட்டுட்டு இப்பிடிச் செய்தா, உள்ளுக்கையும் அவசர வேலைதான் இருக்கும்.

இன்னொண்டு, 15ஆம் நூற்றாண்டு லாங்ஸ்வோர்டில இந்த டமாஸ்கஸ் கோலமே பொருந்தாது. இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சேர்த்து அடிக்கிற கோலம் வைக்கிங் காலத்து வாள்களில உண்டு. பதினோராம் நூற்றாண்டோட அது அநேகமா ஒழிஞ்சு போட்டுது.

கொல்லன்மகன்:
அக்கா சொல்றது சரி. அசல் டமாஸ்கஸ் உருக்கு தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மூசையில (மண் குவளையில) உருக்கின சமாச்சாரம். இந்த அடுக்குக் கோலம் வேற. சரி, அதை விடுங்க.

தம்பி, நட்டைக் கழற்றுங்க. குமிழ், பிடி, கார்டு மூணையும் உருவிட்டுப் படம் போடுங்க. நான் பார்க்க விரும்புறது ஒண்ணுதான்: அலகுல இருக்கிற கோலம் கார்டைத் தாண்டி, பிடிக்குள்ள போற டாங் முழுக்க ஓடுதா, நடுவுல நிக்குதா?

வெட்டுப்பழகி:
கழற்றிட்டேன். படம் பாருங்க. கார்டுக்குக் கீழே ரெண்டு விரல் தூரம் அகலமா வருது, கோலம் அதோட நின்னுடுது. அப்புறம் ஒரு வெல்டிங் முடிச்சு. அதுலேருந்து குமிழ் வரைக்கும் மரை போட்ட 8 மி.மீ. கம்பி! முடிச்சு ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு தெரியுது.

கொல்லன்மகன்:
அது விரிசல். இனிமே இந்த வாளை ஒரு தடவைகூட வீசாதீங்க. கம்பி வளைஞ்சு நிமிர்ந்ததுதான் உங்களுக்கு டக் டக்னு கேட்டிருக்கு. நட்டை முறுக்க முறுக்க விரிசலை இன்னும் இழுத்திருக்கீங்க.

அப்பா பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டையிலதான் அரிவாள் அடிப்போம். தோய்ச்சல் போட்ட, அதாவது சூடேத்தி முக்கி இறுக வைச்ச, உருக்கு மேல வெல்டிங் வைச்சா அந்த இடத்துல பதம் கெட்டுப்போகும். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி நொறுங்கும், பக்கத்துலயே ஈயம் மாதிரி இளகியிருக்கும். வீச்சுல அலகு முழு வேகத்துல இருக்கும்போது கம்பி முறிஞ்சா, ஒன்றரைக் கிலோ உருக்கு எவன் மேல போய் விழும்னு சொல்ல முடியாது.

மதுரை மெக்கானிக்:
அடக்கடவுளே. என் அரால்டைட் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். மறுபடி நல்லா வெல்டு பண்ணினா?

கொல்லன்மகன்:
வேண்டாம்ணே. சூட்டை மறுபடியும் அதே இடத்துலதான் ஏத்துறோம். டாங் அலகோட ஒரே துண்டா வரணும், குமிழுக்கு வெளியே வந்த நுனியை ரிவிட் மாதிரி அடிச்சு மடக்கணும். பழைய வாள்கள் அப்படித்தான்.

வெட்டுப்பழகி:
ரெண்டு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன். விரிசல் படத்தை வித்தவருக்கு அனுப்பினேன். முதல்ல “அலங்காரத்துக்குத்தானே வாங்கினீங்க”ன்னார். “சண்டைக்கே தாங்கும்”னு அவரே போட்ட வரியைத் திருப்பி அனுப்பினதும் முழுப் பணமும் வந்துடுச்சு. வாளைத் திருப்பி அனுப்ப வேண்டாமாம். கூரைத் தேய்ச்சு மழுக்கிச் சுவத்துல மாட்டியாச்சு. அடுத்தது வாங்குறதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

ஃபெடர்க்காரி:
கிளப்பில பழக முதல்ல ஒரு ஃபெடர், அதாவது பயிற்சிக்கான மொட்டை வாள், வாங்குங்கோ. கூர் வாளுக்கு அவசரமில்லை.

கொல்லன்மகன்:
பிடி மாட்டுறதுக்கு முன்னாடி எடுத்த டாங் படம் கேளுங்க. தர மாட்டேன்னா விட்டுடுங்க. தந்தா, அலகு குறுகி டாங் ஆகிற மூலையைப் பெரிசாக்கிப் பாருங்க. கத்தியால நறுக்கின மாதிரி செங்கோணமா இருந்தா வேண்டாம், அங்கேதான் விரிசல் பிறக்கும். வளைவா இறங்கியிருக்கணும். அப்புறம் என்ன உருக்கு, தோய்ச்சல் எவ்வளவுன்னு கேளுங்க. 5160 இல்லேன்னா ஈ.என். 45 (ரெண்டும் ஸ்பிரிங் உருக்கு வகை), கடினம் ராக்வெல் அளவுல 50 சுமார்னு பட்டுனு பதில் வரணும். “எத்தனை அடுக்கு வேணும் சார்?”னு திருப்பிக் கேட்டா போனை வைச்சிடுங்க.