பிங்கைச் சுட்டார்கள், லாலியின் தலையை வெட்டினார்கள்: தோற்ற தளபதியை யார் விசாரிப்பது?

கடலோடி:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் வழக்கு ஒன்றை இங்கே வைக்கிறேன். 1757 மார்ச் 14, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகம். 'மோனார்க்' கப்பலின் மேல்தளத்தில் அட்மிரல் ஜான் பிங் மண்டியிட்டு, கையிலிருந்த கைக்குட்டையை நழுவ விட்டார். அதுதான் சைகை. அவருடைய கடற்படையின் சிப்பாய்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

முந்தைய ஆண்டு, மத்தியதரைக் கடலில் பிரிட்டன் வசமிருந்த மினோர்கா தீவுக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டபோது, காப்பாற்றச் சொல்லி 10 போர்க்கப்பல்களோடு இவரை அனுப்பினார்கள். ஆள் பற்றாக்குறை, பழுதான கப்பல்கள். வழியில் ஜிப்ரால்டர் ஆளுநர் துருப்பு தர மறுத்துவிட்டார். 1756 மே 20 அன்று நடந்த சண்டையில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. நான்கு நாள் கழித்து அதிகாரிகளைக் கூட்டி ஆலோசித்துவிட்டு ஜிப்ரால்டருக்கே திரும்பினார். அடுத்த மாதம் கோட்டை விழுந்தது. லண்டனில் மக்கள் கொதித்தார்கள். அவர் அனுப்பிய அறிக்கையிலிருந்து அரசுக்குச் சங்கடமான வரிகளை வெட்டிவிட்டுத்தான் அரசிதழில் போட்டார்கள்.

பிறகு கோர்ட் மார்ஷல், அதாவது படை அதிகாரிகளே நீதிபதிகளாக உட்காரும் விசாரணை. 'செயின்ட் ஜார்ஜ்' கப்பலில் ஒரு மாதம் நடந்தது. நான்கு அட்மிரல்கள், ஒன்பது கேப்டன்கள், ஆக 13 நீதிபதிகள். 'இவர் கோழை இல்லை, துரோகியும் இல்லை' என்று அவர்களே எழுதினார்கள். ஆனால் 'தன்னால் முடிந்த அளவு முயலவில்லை' என்று சொல்லி மரண தண்டனை விதித்தார்கள். அப்புறம் அதே பேனாவால் கருணை காட்டும்படியும் மன்றாடினார்கள்.

கருணை காட்ட வேண்டியவர் என்று மனதாரத் தெரிந்த மனிதனைச் சாகச் சொல்ல ஒரு நீதிமன்றம் எதற்கு? சீருடைக்காரனைச் சீருடைக்காரன் விசாரித்தால் மேலிடம் நினைப்பதுதான் தீர்ப்பு. சிவில் நீதிபதிகள் இருந்திருந்தால் பிங் பிழைத்திருப்பார் என்பது என் கட்சி.

வந்தவாசியான்:
கடலோடி சார், கதையைச் சரியாகச் சொல்லிவிட்டு பழியைத் தவறான ஆள் மேல் போடுகிறீர்கள். அந்த 13 பேரின் கையைக் கட்டியது நாடாளுமன்றம். 1749-இல் கடற்படையின் போர் விதிகளைத் திருத்தியபோது 12-ஆவது பிரிவில் வேறு தண்டனைக்கு இடமே வைக்கவில்லை. கோழைத்தனத்தாலோ அசட்டையாலோ விசுவாசமின்மையாலோ முழு முயற்சி எடுக்காதவனுக்கு மரணம், அவ்வளவுதான். அதை எழுதியவர்கள் சிவிலியன்கள்.

சிவில் நீதிபதிகள் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. அதே ஏழாண்டுப் போரில், நம் மண்ணில் தோற்ற ஒரு பிரெஞ்சுத் தளபதிக்கு அது நடந்தது. கவுண்ட் லாலி. 1758-இல் பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். தஞ்சாவூரில் முடியவில்லை, சென்னை முற்றுகையும் தோற்றது. 1760 ஜனவரி 22 அன்று எங்கள் ஊர் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். (கோட்டையின் மிச்சம் இன்றும் இருக்கிறது. சின்ன வயதில் அங்கேதான் விளையாடுவோம்.) ஓராண்டு கழித்துப் பட்டினியில் பாண்டிச்சேரி சரணடைந்தது.

இங்கிலாந்தில் கைதியாக இருந்தவர், பாரிசில் தன்மேல் பழி சுமத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானாகவே பிரான்சுக்குத் திரும்பினார். 1762-இல் பாஸ்டீல் சிறை. விசாரித்தது பாரிஸ் பார்லமான் என்ற உயர் நீதிமன்றம், முழுக்க முழுக்கச் சட்டம் படித்த நீதிபதிகள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள விடவில்லை. இறந்துபோன ஒரு சேசு சபைப் பாதிரியாரின் பெட்டியில் இரண்டு குறிப்புகள் கிடைத்தன, ஒன்று லாலியைப் புகழ்ந்து, மற்றொன்று தூற்றி. தூற்றியதுதான் வழக்குக்குள் வந்தது என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் எழுதினார். 1766 மே 9 அன்று, 64 வயதில், வாயில் துணி அடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள்.

பிங்காவது சாட்சிகளைக் கேள்வி கேட்டார், கோழை இல்லை என்ற சொல்லாவது அவருக்குக் கிடைத்தது. லாலியின் நீதிபதிகளில் ஒருவராவது பீரங்கிச் சத்தம் கேட்டவரா?

கடலோடி:
லாலி வழக்கை நான் யோசிக்கவில்லை, உண்மை. ஆனால் அது பழைய பிரெஞ்சு முடியாட்சியின் நீதிமன்றம். பெரிய வழக்குகளில் யாருக்குமே அங்கே வக்கீல் கிடையாது. சிவில் நீதி என்று அதை எடுத்து நீட்டுவது சரியில்லை.

இன்னொன்று. பிங்கின் 13 பேருக்குக் கை கட்டப்பட்டிருந்தது என்கிறீர்கள். ஒரு வழி இருந்ததே! சட்டம் கோழைத்தனம், அசட்டை, விசுவாசமின்மை என்று மூன்று காரணங்களைச் சொல்கிறது. முதலாவதும் மூன்றாவதும் இல்லை என்று தீர்ப்பிலேயே வந்துவிட்டது. மிச்சம் இருந்த 'அசட்டை' என்ற சொல்லைத் தீர்ப்பில் அவர்கள் எழுதவே இல்லை. கடற்படை ஆணையத்தில் இருந்த அட்மிரல் ஜான் ஃபோர்ப்ஸ் இதைத்தான் காரணம் காட்டி, தண்டனை ஆணையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் போட்டார்கள்.

அசட்டை இருந்ததா என்று நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தால், 'இல்லை' என்று எழுதி விடுவித்திருக்கலாம். ஏன் கேட்கவில்லை? தெருவில் பிங்கின் உருவப் பொம்மையை எரித்துக்கொண்டிருந்தார்கள். விடுவித்தால் தங்கள் பதவி என்னாகும் என்ற பயம் 13 பேருக்கும் இருந்திருக்கும்.

பழைய சிப்பாய்:
தம்பிகளா, நான் தரைப்படையில் எழுத்தராக இருந்தவன். கோர்ட் மார்ஷல் நடக்கும் அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறேன். எந்த யூனிட், யார் வழக்கு என்பதெல்லாம் வேண்டாம். பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் ராணுவச் சட்டம் 1950-இன்படி ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்றால் குறைந்தது ஐந்து அதிகாரிகள். கருத்துக் கேட்கும்போது எல்லாருக்கும் இளையவரிடம்தான் முதலில் கேட்பார்கள். கர்னல் சொன்னதைக் கேட்டுவிட்டு கேப்டன் தலையாட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மரண தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தை எடுத்துச் சொல்ல ஜட்ஜ் அட்வகேட் பக்கத்தில் இருப்பார்.

நான் பார்த்த ஒரு வழக்கில், இரவுக் காவலில் ஒருவர் செய்த காரியம் தப்பா சரியா என்று இரண்டு நாள் பேசினார்கள். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், தூக்கமில்லாமல் நான்காவது இரவு மனுஷனுக்குப் புத்தி எப்படி வேலை செய்யும் என்று உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்களும் அங்கே நின்றவர்கள். வெளியிலிருந்து வரும் நீதிபதிக்கு அதை எந்தச் சாட்சி விளக்குவார்? எங்களை எங்கள் ஆட்கள் விசாரிப்பதே நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அதுதான்.

கடலோடி தம்பி, அந்த 13 பேர் பயந்தார்கள் என்று சொல்வது சுலபம். தீர்ப்புக்குப் பிறகு அவர்களில் சிலர், வாக்கு ரகசியத்தைக் காக்கும் உறுதிமொழியிலிருந்து தங்களை விடுவிக்கும்படி கேட்டார்களே, அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

செந்தாழை:
பழைய சிப்பாய் ஐயா சொன்னது உண்மை. நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த கேப்டன் கெப்பல் கேட்டார், கீழவை அதற்கான மசோதாவை நிறைவேற்றியது, பிரபுக்கள் சபை அந்த அதிகாரிகளையே கூப்பிட்டு விசாரித்துவிட்டுத் தள்ளிவிட்டது. அரசர் இரண்டாம் ஜார்ஜ் இறங்கி வரவில்லை.

நான் வழக்கறிஞர். ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. களம் தெரிந்தவர்கள் விசாரிக்கட்டும், சரி. ஆனால் அந்தத் தீர்ப்பு அந்த அறையோடு முடிகிறதா? நம் சட்டத்தில் மேலதிகாரி உறுதி செய்தால்தான் அது செல்லும். உறுதி செய்யும் அதிகாரி ஒரு தடவை அதைத் திருப்பி அனுப்பி, மறுபடி யோசியுங்கள் என்று சொல்லலாம். அப்போது அந்த இளைய கேப்டனின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். முதலில் கருத்துச் சொல்ல வைத்த பாதுகாப்பெல்லாம் அங்கே கரைந்துபோகும்.

உச்ச நீதிமன்றம் 1982-லேயே, கோர்ட் மார்ஷல் தீர்ப்புக்கு ஒரு மேல்முறையீடுகூட இல்லாததை வருத்தத்தோடு சுட்டிக்காட்டியது. அதற்குப் பிறகு 25 ஆண்டு கழித்து, 2007-இல்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. 2009-இல் தீர்ப்பாயம் வேலையைத் தொடங்கியது. அங்கே நீதிபதியும் முன்னாள் ராணுவ அதிகாரியும் சேர்ந்து உட்காருகிறார்கள். சென்னையிலும் அமர்வு இருக்கிறது.

பிங்குக்கு மேல்முறையீடு இல்லை. தண்டனை சட்டப்படி செல்லுமா என்று அரசர் 12 நீதிபதிகளிடம் கேட்டார். செல்லும் என்றார்கள். ஆமாம் கடலோடி, நீங்கள் நம்பும் சிவில் நீதிபதிகள்தான். நியாயமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும் ஓர் இடம் வேண்டும். விசாரிப்பவர் யாராக இருந்தாலும் அந்த இடம் இல்லாவிட்டால் பிங்கும் சாவார், லாலியும் சாவார்.

வந்தவாசியான்:
செந்தாழை சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். மேல்முறையீடு கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த வழக்கில் இதைவிட ஆழமான ஒரு சிக்கல் இருக்கிறது.

1744-இல் டூலோன் கடற்போர். பிரிட்டிஷ் அட்மிரல் மேத்யூஸ், கப்பல் வரிசையை விட்டு விலகக் கூடாது என்ற விதியை மீறி எதிரி மேல் பாய்ந்தார். பின்வரிசைக் கப்பல்களுக்குத் தலைவரான லெஸ்டாக், வரிசையில் நில் என்ற கொடி பறக்கிறது என்று சொல்லி எட்டவே நின்றார். பிறகு கோர்ட் மார்ஷல் நடந்தது. சண்டை போட்ட மேத்யூஸைப் பதவி நீக்கினார்கள், நின்றவரை விடுவித்தார்கள்! மினோர்காவில் பிங்கின் கேப்டன் கார்டினர், வரிசையை விட்டு எதிரி மேல் நேராகப் போகலாம் என்றார். மேத்யூஸுக்கு நேர்ந்ததைச் சொல்லி மறுத்தார் பிங். விதியை மீறினால் வேலை போகும் என்று ஒரு கோர்ட் மார்ஷல் சொல்லிக்கொடுத்தது, விதியைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அடுத்த கோர்ட் மார்ஷல் உயிரை எடுத்தது. இதில் பழைய சிப்பாய் ஐயா என்ன சொல்கிறீர்கள்?

பழைய சிப்பாய்:
சொல்ல என்ன இருக்கிறது. தப்புத்தான். நான் பார்த்த நல்லதைச் சொன்னேன், எல்லாம் நல்லது என்று சொல்லவில்லை.

1745-இல் பேக்கர் பிலிப்ஸ் என்ற லெப்டினன்ட்டைச் சுட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்டன் செத்து விழுந்த பிறகு, சிதைந்துபோன கப்பலைச் சரண் கொடுத்தவர். பெரிய அட்மிரல்கள் தப்பிக்கும்போது சின்ன லெப்டினன்ட்டை மட்டும் சுடுவதா என்று ஊர் கேட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1749-இல் எல்லாருக்கும் ஒரே தண்டனை என்று எழுதவைத்தது. சமநீதி என்று நினைத்துச் செய்தார்கள், பிங்கின் கழுத்துக்கு வந்தது.

கீழ்வேளூர் மகள்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லாலிக்காக இவ்வளவு பேர் வருந்துவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

1758-இல் தஞ்சாவூர் மேல் படையெடுத்து வந்த வழியில் எங்கள் ஊர்க் கோயிலுக்குள் புகுந்தது அவருடைய படை. புதையல் தேடினார்கள். கோயில் பிராமணர்கள் ஆறு பேரை உளவாளிகள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். அதற்கு முன் கடலூர் முற்றுகையில், வண்டி இழுக்க ஆளில்லை என்று கண்ணில் பட்ட ஊர்க்காரர்களையெல்லாம் பிடித்து இழுக்க வைத்தார். பாரிசில் அவர் தலை போனது அரசரின் நலனையும் பிரெஞ்சுக் கம்பெனியின் நலனையும் காட்டிக்கொடுத்ததாக. அந்த ஆறு பேருக்காக இல்லை. சுடுமுன் அவர்களுக்கு எந்த விசாரணை நடந்தது? ராணுவக் கோர்ட்டா, சிவில் கோர்ட்டா?

வந்தவாசியான்:
அக்கா, நான் எழுதும்போது அது எனக்குத் தெரியும். வழக்கு நடந்த விதத்தை மட்டும் பேசுகிறோம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. விசாரணை தப்பாக நடந்தது என்பதிலிருந்து நான் மாறவில்லை. 1778-இல் லாலியின் மகனும் வோல்தேரும் போராடி அந்தத் தீர்ப்பை அரசரின் சபையில் ரத்து செய்ய வைத்தார்கள். அதிலும் கீழ்வேளூர் வரவில்லை.

கடலோடி:
அந்த ஆறு பேர் பற்றி இப்போதுதான் அறிகிறேன். நன்றி சகோதரி.

சிவில் நீதிபதி வந்தால் போதும் என்று தொடங்கினேன், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பிங்கின் 13 பேர் 'அசட்டை இருந்ததா' என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பதில் எழுதாமல் விட்டதை மன்னிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவரான கெப்பலே 1779-இல் அதே போர்ட்ஸ்மத்தில் உயிர் போகும் குற்றச்சாட்டோடு நின்றார். விடுதலையானார். அதே ஆண்டில்தான் அந்த 12-ஆவது பிரிவில் 'மரணம் அல்லது வேறு தண்டனை' என்று சேர்த்தார்கள். பிங் இறந்து 22 ஆண்டு ஆகியிருந்தது. 2007-இல் அவருடைய குடும்பத்தார் மன்னிப்புக் கேட்டு மனு கொடுத்தார்கள், பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் மறுத்துவிட்டது.