புதுப்பிப்பு: பூர்வீக வீட்டுக் கதவுத் திருட்டும் நகர்ந்துபோன தேதியும்

பூட்டிக் கிடந்த எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டிலிருந்து பர்மா தேக்குக் கதவு களவுபோனதையும், காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு மனு ஏற்பு ரசீதுகூடத் தராமல் அலைக்கழித்ததையும் முன்பு எழுதியிருந்தேன்.

அந்தப் பதிவில் சிலர் சொன்ன யோசனைப்படி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், காவல் நிலையம் புகாரைப் பதிய மறுத்தால் மேலதிகாரிக்கு அனுப்ப வழிசெய்யும் 173(4) பிரிவைச் சுட்டி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பினேன். கூடவே, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, என் மனுவின்மீது எந்த நாளில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டேன். 30 நாளில் வரவேண்டிய பதில், முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகே வந்தது. அதனுடன் இணைத்திருந்த பதிவேட்டு நகலில், நான் மனு கொடுத்த நாளுக்கு இரண்டு வாரம் தள்ளி அது பெறப்பட்டதாக எழுதியிருக்கிறது. எழுத்துக்கு மேல் எழுதிய அடித்தல் நகலிலும் தெளிவாகத் தெரிகிறது. ரசீது கொடுக்காததன் வசதி இதுதான் போலும்.

சென்ற வாரம் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, அதன் நகலும் கட்டணமின்றிக் கிடைத்துவிட்டது. கதவு கிடைக்கவில்லை. தேதி நகர்ந்தது எப்படி என்று கேட்டு, 90 நாள் கெடுவுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.