புதுப்பிப்பு: ரோஜர் மெக்குயினை எத்தனையாவது இடத்தில் எடுப்பது?

2025 என்எச்எல் டிராஃப்டை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யூகிக்கும் நண்பர்கள் பந்தயத்தில், முதுகு அடிபட்ட இளம் வீரர் மெக்குயினை எந்த இடத்தில் போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவு: அனாஹைம் டக்ஸ் அவரை 10வதாக எடுத்தது. "ஆட்ட எண்ணிக்கையைப் பார்க்காதே, உடம்பில் எங்கே அடி என்று பார், 8இலிருந்து 12க்குள் போடு" என்றவர் சொன்னதுதான் பலித்தது. நான் 9இல் போட்டேன். ஓரிடம் தப்பு, பரவாயில்லை.

அந்த அறிவுரையின் அருமை ஷேஃபரை ஒப்பிட்டபோதுதான் புரிந்தது. அதே டிராஃப்டில் இருந்த மேத்யூ ஷேஃபரும் அந்தப் பருவத்தில் ஈரி ஜூனியர் அணிக்கு ஆடியது 17 ஆட்டங்கள்தான். மெக்குயின் பிராண்டன் ஜூனியர் அணிக்கு ஆடியதும் அதே 17, அதில் 20 புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து). ஆனால் ஷேஃபருக்கு உடைந்தது காறை எலும்பு. அது ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அவர் முதல் ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்குப் போனார். மெக்குயினுக்கோ முதுகெலும்பில் முறிவு. ஆறடி ஐந்தங்குல உயரத்துக்கு முதுகுப் பிரச்சினை திரும்ப வருமோ என்ற பயம் அணிகளுக்கு இருக்கத்தானே செய்யும்? மருத்துவ அறிக்கை அவர்கள் கையில், நம் கையில் புள்ளிவிவரம் மட்டும்.

எதிர்பாராதது ஒன்று: தேர்வான கையோடு மெக்குயினை ஹெலிகாப்டரில் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப் போனார்கள். டிஸ்னியின் கார்ஸ் படத்து நாயகக் கார் மெக்குயினின் பெயர் ராசி! அப்புறம் அவர் பிராவிடன்ஸ் கல்லூரி அணிக்கு ஆடப் போனார்.