பொருள்: ஃப்ரீஸ், ஹேங் – வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு கணினி அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று விளக்கும் உதவிப் பக்கத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மூலத்தில் ஃப்ரீஸ், ஹேங், கிராஷ் மூன்றும் தனித்தனியாக வருகின்றன. கிராஷுக்குச் 'செயலிழப்பு' போதும். மற்ற இரண்டுக்கும் 'முடங்கியது' என்று எழுதிப் பார்த்தேன். அதே பக்கத்தில் 'வரைகலை இயக்கியை முடக்கவும்' என்ற கட்டளையும் இருக்கிறது. 'கணினி முடங்கினால் முடக்கவும்' என்று படிப்பவர் திகைத்துப்போவார்.

* * *

'உறைதல்' இருக்கும்போது என்ன தயக்கம்? நெய் உறைகிறது, இரத்தம் உறைகிறது, அச்சத்தில் மனிதன் உறைந்து நிற்கிறான். யாருக்கும் விளக்கம் தேவைப்படாத வினை. பெயர்ச்சொல் 'உறைவு'.

* * *

ஐயா, உறைதலுக்குத் தங்குதல் என்ற பொருளும் உண்டு. வள்ளுவரின் 'வானுறையும் தெய்வம்' வானில் வாழும் தெய்வம். மோருக்கு உறை, வாளுக்கு உறை என்று கிளைகள் வேறு. ஒரே சொல்லின் தலையில் இன்னும் எத்தனை சுமையை ஏற்றுவது?

நான் முன்வைப்பது 'தம்பித்தல்'. 'போக்குவரத்து ஸ்தம்பித்தது' என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அதன் தமிழ் வடிவம். வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியமே எச்சவியலில் இடம் தருகிறது. தூணைக் குறிக்கும் தம்பமும் இதே வேர். சித்தர் மரபின் எட்டுக் கருமங்களில் ஒன்றான தம்பனமும் இதே வேர்தான். இயங்குவதை இயங்காமல் நிறுத்துவது அதன் பொருள்.

* * *

கணினி வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். 'கணினி தம்பித்தது' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் அதைத் தம்பியோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். சொல்லை விளக்கவே பாடவேளை தீர்ந்துவிடும்.

'நிலைகுத்துதல்' எப்படி? கண் நிலைகுத்தி நின்றது என்கிறோம். விழி திறந்திருக்கிறது, அசைவு இல்லை. திரைக்கு அப்படியே பொருந்துகிறது.

* * *

அம்மா, அதில் ஒரு ககர ஒற்று கூடினால் 'நிலைக்குத்து' ஆகிவிடும். அது செங்குத்தைக் குறிக்கும் கணக்குப் பாடச் சொல். ஒற்றுப் பிழை மலிந்த காலத்தில் இது வேண்டவே வேண்டாம்.

* * *

வேரைத் தோண்டியது போதும், பழுதைப் பாருங்கள்.

மேம்படுத்திய பின் கணினி நின்றுபோக அடிக்கடி காரணமாவது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் புதிதாகும்போது, திரைக்காட்சியைக் கையாளும் மென்பொருளான வரைகலை இயக்கி அதோடு ஒத்துப்போகாமைதான். அப்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்ப்போம். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டுமே நின்றிருக்கிறது. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போய், என்ன நடந்தது என்று கணினி எழுதிவைத்த பதிவுகளைப் படிக்கலாம். விளக்கு அசையவே இல்லையென்றால் மொத்தமும் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். லினக்ஸில் அதற்கு வழி, மறுதொடக்கம் செய்து, தொடங்கும்போது வரும் கிரப் என்ற தேர்வுப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பது.

ஹேங் என்று இந்தப் பக்கம் சொல்வது வேறு. ஒரு செயலி மட்டும் பதில் தராமல் நிற்கிறது. அதை மூடினால் போதும். செய்ய வேண்டியது வேறு என்றால் சொல்லும் வேறாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலியை மூட வேண்டியவர் கணினியையே அணைத்து, சேமிக்காத வேலையை இழப்பார். செயலி 'பதிலளிக்கவில்லை', கணினி 'உறைந்தது' என்று பிரித்துவிடுங்கள்.

* * *

நன்றி. பெரும்பாலோர் இதற்கே இசைகிறீர்கள், எனக்கும் நேரம் இல்லை. இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

* * *

என் மறுப்பையும் பட்டியலில் குறித்துவையுங்கள். விரிதாளில் தலைப்பு வரிசையை நகராமல் நிறுத்தும் கட்டளைக்கும் 'உறை' என்றே நம்மில் பலர் எழுதுகிறோம். அது பயனர் விரும்பிச் செய்வது, இது அவரை மீறி நடப்பது. இரண்டுக்கும் ஒரே வினை என்பதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்குப் பட்டியலைத் திருத்தும்போது 'தம்பித்தல்' மறுபடி வரும்.