எல்லைக்கோட்டில் நின்றுபோன மழைநீர் வடிகால்: யாரிடம் போவது?

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கிறோம். 2022-இல் தெருவுக்கு வடிகால் கட்டினார்கள். பக்கத்துப் பேரூராட்சி எல்லையோடு அது நின்றுவிட்டது. அங்கிருந்து ஏரிக்கால்வாய் வரை சுமார் 300 அடிக்கு வடிகாலே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர். ஒரு மழைக்கு நான்கு நாள் வடியாது.

போன அக்டோபர், நவம்பர் கிராம சபைகளில் பேசித் தீர்மானமும் போட்டாயிற்று. பேரூராட்சியில் கேட்டால், “உங்கள் ஊர்த் தண்ணீருக்கு எங்கள் நிதியா?” என்கிறார்கள். (அவர்கள் தெருவிலும்தான் தேங்குகிறது, அது வேறு கதை.) திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போய், “எங்கள் எல்லையில் இல்லை” என்று திரும்பியது. முதல்வர் உதவி எண் 1100-இல் சொன்னதற்கும் அதே பதில்தான்.

அப்புறம்தான் அரசியல் சட்டத்தின் 243இசட்டி (243ZD) பிரிவைப் படித்தேன். ஊராட்சிகளுக்கும் நகர அமைப்புகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கவனித்து மாவட்டத்துக்கான வரைவு வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது மாவட்டத் திட்டக் குழுவின் வேலையாம்.

இப்படி இரண்டு உள்ளாட்சிகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை அந்தக் குழுவின் கூட்டப்பொருளில் கொண்டுவர, மனுவை யார் பெயருக்கு, எந்த வழியாக அனுப்ப வேண்டும்?