செராடோ: சோயா வயலுக்கு நடுவில் வாழ்பவர்கள் கதி என்ன?

மருதன்:
பிரேசில் என்றாலே நமக்கு அமேசான்தான். அதன் தெற்கிலும் கிழக்கிலும் சுமார் 20 லட்சம் சதுர கி.மீ. விரிந்த செராடோ புல்வெளிக்காட்டில் ஏறக்குறையப் பாதி சோயாவுக்கும் மேய்ச்சலுக்குமாகப் போய்விட்டது. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை அமேசான் இழந்தது சுமார் 9,000 ச.கி.மீ., செராடோ இழந்தது 11,000. பழங்குடிகளும், தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த கிலோம்போ மக்களும் தலைமுறைகளாக அங்கே இருக்கிறார்கள். அவர்கள் உடம்புக்கு என்ன ஆகிறது என்று யாராவது பார்க்கிறார்களா?

ஏர்முனை:
மறுபக்கத்தையும் சொல்லுங்க. ஒன்றும் விளையாது என்று கைவிட்ட அமில மண் அது. 1973-இல் தொடங்கிய எம்ப்ரபா என்ற அரசு வேளாண் ஆய்வு நிறுவனம் சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்தி, வெயில் தாங்கும் சோயா ரகங்களைக் கொண்டுவந்தது. அந்த உழைப்புக்கு 2006-இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. அமேசானில் விவசாயி தன் நிலத்தின் 80 சதவீதத்தைக் காடாக விட வேண்டும், செராடோவின் பெரும்பகுதியில் 20 விட்டால் போதும் என்பதுதான் சட்டம். அதன்படி நடக்கிற விவசாயி எப்படிக் குற்றவாளி ஆவான்?

டாக்டர் கயல்:
ஏர்முனை அண்ணா, சட்டப்படி நடந்தாலும் வயலில் அடிக்கிற பூச்சிமருந்து வேலியோடு நிற்பதில்லை. 2013-இல் கோயாஸ் மாநிலம் ரியோ வெர்டேயில், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே விமானம் ஒரு கிராமப் பள்ளி மீது பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டுப் போனது. வாந்தி, தலைவலி, தோல் அரிப்போடு பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாட்டோ குரோசோ மாநிலத்தின் லூக்காஸ் டோ ரியோ வெர்டே ஊரில் 62 தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். அத்தனை பேர் பாலிலும் பூச்சிமருந்தின் எச்சம்.

ஏர்முனை:
அந்தத் தாய்ப்பால் ஆய்வை முழுசாகச் சொல்லணும் டாக்டர். எல்லோரிடமும் இருந்தது டிடிஈ, அதாவது டிடிடி சிதைந்து வருவது. மலேரியா கொசுவுக்கு அரசாங்கமே அடித்த மருந்து அது. சோயாக்காரர் தலையில் எப்படிக் கட்டுவீர்கள்?

டாக்டர் கயல்:
டிடிஈ பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அதே பாலில் எண்டோசல்பானும் இருந்ததே, அதைக் கொசுவுக்கா அடித்தார்கள்? காசர்கோட்டில் முந்திரித் தோட்டத்துக்கு ஹெலிகாப்டரில் அடித்த அதே மருந்து. குடிநீருக்கு வருவோம். லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் கிளைபோசேட் களைக்கொல்லி வரை பிரேசில் அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.1. 5,000 மடங்கு! கிணற்றையும் ஓடையையும் நம்பியிருக்கிற ஊரில் அந்த அளவையாவது யார் போய்ச் சோதிக்கிறார்கள்?

தேரிக்காடு:
நிலத்தை விட்டுவிட்டு மருந்தை மட்டும் பேசுகிறீர்கள். ஏர்முனை சொன்ன அந்த 20 சதவீதத்தை எங்கே காட்டுகிறார்கள் தெரியுமா? மேட்டுச் சமவெளி முழுக்கச் சோயா போட்டுவிட்டு, கிராமத்தார் ஆடுமாடு மேய்த்து, காய்கனி பொறுக்குகிற பள்ளத்தாக்கைத் தங்கள் "பாதுகாப்புக் காடு" என்று பதிந்துகொள்கிறார்கள். காட்டைக் காப்பாற்றி வைத்தவன் கடைசியில் அத்துமீறியவன் ஆகிறான்.

மரன்யாவ் மாநிலத்தில் பபசு பனங்கொட்டை உடைக்கும் பெண்கள் கோடரியின் கூர் மேலே இருக்கும்படி பிடியைத் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு, கொட்டையை அதன்மேல் வைத்துக் கட்டையால் அடிப்பார்கள். அந்தப் பருப்பெண்ணெயில்தான் குடும்பம் ஓடுகிறது. தனியார் நிலத்தில் இருந்தாலும் பனை பொதுவே என்று போராடி, 1997-இல் லாகோ டோ ஜுன்கோ ஊராட்சியில் சட்டமே கொண்டுவந்தார்கள். பனையையே அழித்துவிட்டால் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

ஏர்முனை:
பள்ளத்தாக்கு விஷயம் அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் குளிர்காலமே இல்லாத ஊரில் பூச்சி வருஷம் முழுக்கப் பெருகும். மருந்தில்லாமல் முடியாது. குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் விமானம் தெளிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைக் கண்டிப்பாக அமல்படுத்தினால் போதும்.

டாக்டர் கயல்:
ரியோ வெர்டே பள்ளிக்கூடத்தின் மேல் தெளித்தபோதும் அந்த விதி இருந்தது அண்ணா. சியரா மாநிலம் 2019-இல் விமானத் தெளிப்பையே தடை செய்தது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. செராடோ மாநிலங்களும் செய்யலாம்.

ஏர்முனை:
விமானத்துக்குத் தடை என்றால் சரி. சோயாவே கூடாது என்றால் ஒப்ப மாட்டேன்.

தேரிக்காடு:
யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஏற்கெனவே அழித்து, தரிசாகிக் கிடக்கும் மேய்ச்சல் நிலம் அங்கே ஏராளம். சோயாவை அதில் போடட்டும். மேட்டில் மிச்சமிருக்கும் காட்டைத் தொட்டால் கீழே ஊற்று வற்றும். 2017-இல் பாஹியா மாநிலத்தின் கொரென்டினாவில் ஆற்றுத் தண்ணீர் போகிறதே என்று ஜனங்கள் பண்ணைக்குள் புகுந்து பாசன இயந்திரங்களை உடைத்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்?